மேக்நாத் சாகா ஓட்டுக் கேட்டார்

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இருவர் ஒன்றாகப் படித்தார்கள். 1915-ல் எம்.எஸ்சி. தேர்வில் ஒருவர் முதலிடம், மற்றவர் இரண்டாமிடம். பிறகு இருவரும் சேர்ந்து ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். முதலிடம் பெற்றவர் சத்யேந்திரநாத் போஸ். போசான் என்று உலகம் சொல்லும் துகளுக்குள் அவர் பெயர் இருக்கிறது. இரண்டாமவர் மேக்நாத் சாகா. நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்த்து அதன் வெப்பநிலையைச் சொல்ல வழி செய்த சமன்பாடு அவருடையது. 1952-ல் இருவருமே நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். போஸ் போனது மாநிலங்களவைக்கு, குடியரசுத் தலைவரின் நியமனத்தில். சாகா போனது மக்களவைக்கு. கல்கத்தா வடமேற்குத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளரை எதிர்த்து நின்று, ஓட்டு வாங்கிப் போனார்.

ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே ஆண்டில் நுழைந்தார்கள், ஆனால் நுழைந்த வாசல் வேறு. அதன்பின் வந்த 70 ஆண்டுகளில் இந்திய விஞ்ஞானிகள் அரசியலுக்குள் வந்ததெல்லாம் பெரும்பாலும் போஸ் நுழைந்த வாசல் வழியாகத்தான். சாகா நுழைந்த வாசல் ஏறக்குறைய சாத்திக் கிடக்கிறது. விஞ்ஞானிகள் தேர்தலில் நிற்க வேண்டும் என்ற பேச்சு அமெரிக்காவில் 2016-க்குப் பிறகு ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. நம்மிடம் அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் "படித்தவங்க அரசியலுக்கு வரணும்" என்ற பொதுவான ஆதங்கத்தோடு நின்றுவிடுகிறது. படித்தவர் பதவிக்கு வருவது வேறு, படித்தவர் ஓட்டுக் கேட்டு வருவது வேறு. இந்த வித்தியாசத்தைத்தான் நாம் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

மளிகைக்கடைக்காரர் மகன்

சாகா டாக்கா அருகே சியோரத்தலி என்ற கிராமத்தில் 1893-ல் பிறந்தார். அப்பாவுக்குச் சிறிய மளிகைக்கடை. சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட குடும்பம், அதனால் பட்ட அவமானங்களும் உண்டு. வங்கப் பிரிவினைக் காலத்தில் ஆளுநர் பள்ளிக்கு வந்தபோது நடந்த புறக்கணிப்பில் கலந்துகொண்டார் என்பதற்காக உதவித்தொகை போனது, பள்ளியும் போனது. மழைக்காலத்தில் படகில் ஏறிப் பள்ளிக்குப் போகும் ஊர் அது. வெள்ளம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1920-ல் அயனியாக்கச் சமன்பாடு வந்தது. சூரியனின் ஒளியில் சில தனிமங்களின் கோடுகள் தெரிகின்றன, சில தெரிவதில்லை. அந்தத் தனிமங்கள் அங்கே இல்லாததால் அல்ல, அந்த வெப்பத்தில் அவற்றின் அணுக்கள் எலக்ட்ரானை இழந்து நிற்பதால் கோடுகள் வேறிடத்துக்குப் போய்விடுகின்றன என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். 1927-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அலகாபாத்தில் பேராசிரியராக வாழ்நாளை நிம்மதியாகக் கழித்திருக்கலாம். 1930 வரை தானும் தந்தக் கோபுரத்தில்தான் வாழ்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். நாட்டை நடத்தச் சட்டம் ஒழுங்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அறிவியலும் தொழில்நுட்பமும் என்று புரிந்தபோது, மெல்ல மெல்ல அரசியலுக்குள் சறுக்கி வந்துவிட்டதாகவும் சொல்கிறார்.

சறுக்கல் என்று அவர் சொன்னாலும் அது படிப்படியாக நடந்தது. மாணவராக இருந்தபோதே தாமோதர் நதியின் வெள்ள நிவாரணத்துக்குப் போனார். பிறகு வடக்கு வங்க வெள்ளத்தின்போது வேதியியலாளர் பி.சி. ராயோடு நிவாரண வேலை செய்தார். நதிகளைப் பற்றி எழுத ஆரம்பித்தார். 1935-ல் தொடங்கிய பத்திரிகையில் அணை, மின்சாரம், தொழில் என்று விடாமல் எழுதினார். 1938-ல் சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது அமைந்த தேசியத் திட்டக் குழுவில் சாகாவும் ஓர் உறுப்பினர். 1943-ல் தாமோதர் கரை உடைந்து கல்கத்தாவின் ரயில் தொடர்பே துண்டிக்கப்பட்டபோது அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவிலும் இருந்தார். நதியை அணைகளால் கட்டுப்படுத்திய அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தை முன்மாதிரியாகக் காட்டினார். 1948-ல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் சட்டமாக வந்தது. ஆக, 1952-ல் அவர் வேட்பாளராக நின்றபோது முன்பின் தெரியாத பேராசிரியராக நிற்கவில்லை. வெள்ளத்திலும் அகதி முகாம்களிலும் பார்த்த முகமாக இருந்தார். இடதுசாரிக் கட்சிகள் ஆதரவு தந்தன.

மக்களவையில் அவர் பேசிய பேச்சுகளில் முக்கியமானது அணுசக்தி பற்றியது. 1948-ன் அணுசக்திச் சட்டம் எல்லாவற்றையும் ரகசியத் திரைக்குள் வைத்தது. ஹோமி பாபா தலைமையில் ஆணையம், அதற்கு மேலே பிரதமர் நேரு, அவ்வளவுதான். நாட்டின் முதல் அணு இயற்பியல் நிறுவனங்களில் ஒன்றைக் கல்கத்தாவில் கட்டியவர் சாகா. அந்தத் துறையில் இந்தியாவில் அவருக்கு இணையாகக் கேள்வி கேட்கக்கூடியவர்கள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்குவார்கள். 1954 மே மாதம் அமைதிப் பயன்பாட்டுக்கான அணுசக்தி பற்றிய விவாதத்தை அவரே தொடங்கிவைத்தார். ஏன் இவ்வளவு ரகசியம், பல்கலைக்கழகங்களில் ஏன் ஆள்களைத் தயார் செய்யவில்லை, அடிப்படைத் தொழில்கள் இல்லாமல் அணு உலை எப்படி வரும் என்று கேட்டார். நேருவிடம் இதைத் தனியாகக் கடிதத்தில் கேட்கவும் அவரால் முடியும். கேட்டும் இருக்கிறார். ஆனால் அவையில் ஓர் உறுப்பினர் கேட்டால் பதில் பதிவாகும், நாளிதழில் வரும், தேநீர்க் கடையில் பேசப்படும். ஆலோசகர் கேட்கும் கேள்விக்கு அந்த ஆயுள் கிடையாது.

இதே சாகாவின் இன்னொரு வேலையையும் பார்க்க வேண்டும். 1952-ல் அமைந்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவர். நாட்டில் ஏறக்குறைய 30 வகைப் பஞ்சாங்கங்கள் புழக்கத்தில் இருந்தன. நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் ஆண்டு, பருவங்களை வைத்துக் கணக்கிடும் ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம். அந்த 20 நிமிடம் சேர்ந்து சேர்ந்து, ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளிப்போகிறது. பகலும் இரவும் சமமாகும் மார்ச் 21-ஐ ஒட்டி இருக்க வேண்டிய ஆண்டுப் பிறப்பு ஏப்ரல் 14-க்கு வந்து நிற்பது அதனால்தான். குழு கணக்கைச் சரி செய்தது. 1957 மார்ச் 22 முதல் புதிய தேசிய நாள்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழில் இன்றும் அந்த நாள்காட்டியின் சக ஆண்டுத் தேதியைப் பார்க்கலாம். ஆனால் நம் வீடுகளில் சித்திரை 1 ஏப்ரல் 14-ல்தான் வருகிறது, கேரளத்திலும் வங்காளத்திலும் அதை ஒட்டித்தான். கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்கோடு யாரும் வீடு வீடாகப் போய்ப் பேசவில்லை. ஆண்டுப் பிறப்பைத் தள்ளிவைத்தால் உங்களுக்கு என்ன ஆகும் என்று கேட்கவில்லை. அது குழுவின் அறிக்கையாக வந்தது, அரசாணையாகப் போனது. ஒரே மனிதர் தாமோதரில் மக்களோடு நின்று செய்த வேலை அணையானது, குழு அறையில் செய்த வேலை அரசிதழோடு நின்றது.

நியமன வாசல்

அரசமைப்புச் சட்டத்தின் 80-வது பிரிவு, இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை ஆகியவற்றில் அனுபவமுள்ள 12 பேரை மாநிலங்களவைக்கு நியமிக்க வழி செய்கிறது. போஸுக்குப் பின் அந்த வழியில் வந்தவர்களில் ராஜா ராமண்ணா, கஸ்தூரிரங்கன், எம்.எஸ். சுவாமிநாதன் ஆகியோர் இருக்கிறார்கள். எல்லோரும் பெரிய மனிதர்கள். இந்த வாசல் வீண் என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் சென்னை சட்ட மேலவைக்கு நியமன உறுப்பினராகத்தான் போனார். அங்கே அவர் தொடங்கிவைத்த தேவதாசி ஒழிப்புப் போராட்டம் 1947-ல் சட்டமாக முடிந்தது. நியமனத்தில் வந்தவரும் போராடலாம்.

ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. சுவாமிநாதன் மாநிலங்களவையில் இருந்தபோது பெண் விவசாயிகளுக்கு நிலம், கடன், தண்ணீர் ஆகியவற்றில் உரிமை தரும் தனிநபர் மசோதா ஒன்றை 2012-ல் கொண்டுவந்தார். நிலம் ஆண் பெயரில் இருப்பதால், வயலில் பாதிக்கு மேல் வேலை செய்யும் பெண்ணுக்கு விவசாயி என்ற அடையாளமே கிடைப்பதில்லை; வங்கிக் கடனும் மானியமும் அதனாலேயே எட்டாமல் போகின்றன. வாழ்நாள் முழுவதும் வயலைப் பார்த்த ஒருவருக்குத்தான் அந்த மசோதா தோன்றும். 2013-ல் அவருடைய பதவிக்காலம் முடிந்தது, மசோதாவும் காலாவதியானது. அவர் பின்னால் கட்சி இல்லை, தொகுதி இல்லை. இந்த மசோதாவை நிறைவேற்றாவிட்டால் அடுத்த முறை எங்கள் ஓட்டு கிடைக்காது என்று சொல்ல யாரும் இல்லை. நாட்டின் மிகச் சிறந்த வேளாண் விஞ்ஞானி என்ற மரியாதை இருந்தது. மரியாதைக்கு அவையில் எண்ணிக்கை கிடையாது.

அப்துல் கலாமைப் பற்றிப் பேசாமல் தமிழில் இந்த விஷயத்தைப் பேச முடியாது. 2002-ல் அவர் குடியரசுத் தலைவரானபோது விஞ்ஞானி ஒருவர் நாட்டின் உச்சத்துக்குப் போய்விட்டார் என்று மகிழ்ந்தோம். அது உண்மையான மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பதவி ஆள்கிற பதவி அல்ல, மக்கள் நேரடியாக ஓட்டுப் போடும் பதவியும் அல்ல. 2011 நவம்பரில், பதவியில் இல்லாத காலத்தில், கூடங்குளம் அணு உலையைப் பார்வையிட்டு அது பாதுகாப்பானது என்று அறிவித்தார். சுற்றுவட்டார வளர்ச்சிக்குத் திட்டம் ஒன்றும் தந்தார். இடிந்தகரையில் போராட்டம் ஓயவில்லை. தமிழ்நாட்டில் அவர்மேல் இருந்த அன்புக்கு ஈடாக எந்த அரசியல்வாதியிடமும் அன்பு இல்லை, அப்படியிருந்தும் ஓயவில்லை. ஏன் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மீனவப் பெண்கள் கேட்டது கான்கிரீட்டின் தடிமனைப் பற்றி மட்டும் அல்ல. வெந்நீர் கடலில் கலந்தால் மீன் எங்கே போகும், விபத்து என்றால் எங்களை எந்தச் சாலை வழியாக வெளியே கொண்டுபோவீர்கள், முடிவெடுக்கும்போது எங்களை ஏன் கேட்கவில்லை என்றும் கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு எந்த நிபுணரும் பதில் சொல்ல முடியாது. அந்தத் தொகுதியில் ஓட்டுக் கேட்டு நின்ற ஓர் இயற்பியலாளர் இருந்திருந்தால், அவர் அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு ஊரைக் கடந்திருக்க முடியாது.

ஓட்டே இல்லாத இடத்தில் விஞ்ஞானி கையில் கொள்கை போனால் என்ன ஆகும் என்பதற்குச் சீனா சான்று. 1970-களின் இறுதியில் சோங் ஜியான் என்ற ஏவுகணைக் கட்டுப்பாட்டியல் அறிஞர், ஏவுகணையின் பாதையைக் கணக்கிடும் அதே கணிதத்தை மக்கள்தொகைக்குப் பயன்படுத்தினார். அடுத்த நூற்றாண்டுக்குள் மக்கள்தொகை 400 கோடியைத் தாண்டும், நாடு தாங்கக்கூடியது 70 கோடிதான் என்பது போன்ற எண்களை முன்வைத்தார். தலைமை அதில் மயங்கியது. 1980-ல் ஒரு குழந்தைக் கொள்கை வந்தது. கட்டாயக் கருக்கலைப்பும் கட்டாயக் கருத்தடையும் நடந்த கிராமங்களில், அந்தக் கணக்கைக் கேள்வி கேட்க ஒருவருக்கும் இடம் இருக்கவில்லை. 2016-ல் அந்தக் கொள்கை முடிவுக்கு வந்தபோது, இளைஞர் குறைந்து முதியோர் பெருகிய நாடு மிஞ்சியது. அவர் திறமையான கணிதர்தான். கணக்கில் போட்ட அனுமானங்கள் தவறு என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியவள் கிராமத்துப் பெண். அவளிடம் ஓட்டு இல்லை.

வாசல் ஏன் சாத்தியிருக்கிறது

சரி, நம் விஞ்ஞானிகள் ஏன் நிற்பதில்லை? கூச்சம், நேர்மை, அரசியல் சாக்கடை என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். எனக்கு முதல் காரணமாகத் தெரிவது ஒரு விதி. 1964-ன் மத்திய அரசுப் பணியாளர் நடத்தை விதிகளில் 5-வது விதி, அரசு ஊழியர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது, சட்டமன்றத்துக்கோ உள்ளாட்சிக்கோ நடக்கும் தேர்தலில் பங்கெடுக்கக் கூடாது என்கிறது. இஸ்ரோ, அணுசக்தித் துறை, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் அரசுத் துறைகள். அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகமான சிஎஸ்ஐஆர் பெயருக்குத் தனிச் சங்கம் என்றாலும் அதே விதிகளைத்தான் பின்பற்றுகிறது. இந்தியாவின் ஆய்வு விஞ்ஞானிகளில் கணிசமானவர்கள் இந்தக் கூரைகளின் கீழேதான் இருக்கிறார்கள். ராஜினாமா செய்துவிட்டு நிற்கலாமே என்றால், பழைய ஓய்வூதியத் திட்டத்தில் ராஜினாமா செய்தவரின் முந்தைய பணிக்காலம் கணக்கில் இல்லாமல் போகும். 20 ஆண்டு முடித்தவர் விருப்ப ஓய்வு கேட்கலாம். 38 வயதில் நிற்க ஆசைப்படும் ஒரு கடலியல் ஆய்வாளருக்கு இதெல்லாம் பயன்படாது.

அந்த விதிக்கு நியாயம் உண்டு. மாவட்ட ஆட்சியரோ காவல் அதிகாரியோ கட்சிக்காரராக இருந்தால் ஆபத்து. ஆனால் பவளப்பாறையை ஆராய்பவருக்கும் காவல் அதிகாரிக்கும் ஒரே விதி எதற்கு? சாகா நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே, கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் இயக்குநராகவும் வேலை பார்த்தார். அந்தக் கழகம் அரசுத் துறை அல்ல. அதனால்தான் அது முடிந்தது. மேற்கு வங்காளத்தில் கல்லூரி ஆசிரியர்கள் தேர்தலில் நிற்பது அந்த மண்ணின் பழக்கம். டம் டம் தொகுதியின் சௌகதா ராய் இயற்பியல் ஆசிரியராக இருந்தவர்.

இதை வழக்கறிஞர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடுதலைப் போராட்டத் தலைவர்களில் பலர் வழக்கறிஞர்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தில் இன்றும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர்கள்தான். வழக்கறிஞர் தேர்தலில் தோற்றால் மறுநாள் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு நீதிமன்றம் போகலாம். நாலு பேருக்குத் தெரிந்த முகமானதால் வழக்குகூடக் கூடுதலாக வரும். ஆய்வகத்தை இரண்டு ஆண்டு விட்டுவந்தவருக்கு நிதி போயிருக்கும், மாணவர்கள் வேறு வழிகாட்டியிடம் போயிருப்பார்கள், கட்டுரைப் பட்டியலில் விழுந்த இடைவெளியை ஒவ்வொரு தேர்வுக் குழுவும் கேட்கும். இது துணிச்சல் சம்பந்தப்பட்டதே இல்லை, தோல்விக்குத் தரும் விலை சம்பந்தப்பட்டது. அப்புறம் பணம். மக்களவைத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு ஆணையம் அனுமதிக்கும் செலவே பெரிய மாநிலங்களில் 95 லட்சம் ரூபாய். மாதச் சம்பளக்காரர் அதில் பத்தில் ஒரு பங்கு திரட்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும்.

அமெரிக்காவில் நடந்தது

ஷானசி நாட்டன் ஒரு வேதியியலாளர். பென்சில்வேனியாவில் நாடாளுமன்றத்துக்கு நிற்க முயன்று 2014-லும் 2016-லும் கட்சிக்குள் நடக்கும் முதல்கட்டத் தேர்தலிலேயே தோற்றார். தோற்றவருக்குத்தான் எங்கே தடுக்கிறது என்று தெரியும். நன்கொடை திரட்டுவது, தன்னார்வலர்களைச் சேர்ப்பது, மேடையில் மூன்று நிமிடத்தில் பேசி முடிப்பது ஆகியவற்றை ஆய்வகம் யாருக்கும் கற்றுத்தருவதில்லை. அதைக் கற்றுத்தர 2016-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். பெயர் 314 ஆக்‌ஷன். பை என்ற எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் அவை. 2017 ஏப்ரல் 22-ல் பல நாடுகளில் விஞ்ஞானிகள் தெருவில் இறங்கி ஊர்வலம் போன சூழலில் அந்த அமைப்பு வேகம் பிடித்தது. 2018 தேர்தலில் அது ஆதரித்தவர்களில் உயிர்வேதிப் பொறியியல் படித்த ஷான் காஸ்டன், அணுப் பொறியாளராகக் கடற்படையில் இருந்த எலைன் லூரியா, குழந்தை மருத்துவர் கிம் ஷ்ரையர், செவிலியர் லாரன் அண்டர்வுட் ஆகியோர் வென்றார்கள். எரிமலை ஆய்வாளர் ஜெஸ் ஃபீனிக்ஸ் கலிபோர்னியாவில் முதல்கட்டத்திலேயே தோற்றார்.

இவர்களுக்கு முன்பே மூன்று இயற்பியலாளர்கள் அங்கே இருந்தார்கள். மிச்சிகனின் வெர்ன் ஏலர்ஸ் குடியரசுக் கட்சிக்காரர். போட்டியாளர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை ஆராயும் கணிதமான கேம் தியரியின் ஆராய்ச்சிக்கான நிதியை வெட்ட ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார், அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு. ஏடிஎம் என்ற தரவுப் பரிமாற்ற முறையின் ஆராய்ச்சியை வெட்டவும் முயற்சி நடந்தது, அதைப் பணம் எடுக்கும் இயந்திரம் என்று நினைத்துக்கொண்டு. ஏலர்ஸ் அவைக்கு ஓடிப்போய் இரண்டையும் விளக்கித் தடுத்தார். யோசித்தால், ஓர் அவையில் ஒரு விஞ்ஞானி இருப்பதன் அன்றாடப் பயன் இப்படித்தான் இருக்கும். பெரிய தத்துவம் எதுவும் இல்லை, சரியான நேரத்தில் அறைக்குள் இருப்பதுதான்.

நியூஜெர்சியின் ரஷ் ஹோல்ட், பிரின்ஸ்டன் பிளாஸ்மா ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1998-ல் வென்றார். 2000-ல் 651 ஓட்டு வித்தியாசத்தில் தப்பினார். மின்னணு வாக்கு இயந்திரம் தாளில் ஒரு சான்று தர வேண்டும் என்று 2003-ல் மசோதா கொண்டுவந்தவர் அவர். நாம் விவிபாட் என்கிறோமே, அந்த யோசனையின் குடும்பம்தான் அது. மறுபடி சரிபார்க்க முடியாத அளவீட்டை எந்த ஆய்வகமும் ஏற்காது, தேர்தல் மட்டும் ஏன் ஏற்க வேண்டும் என்ற புத்தி ஆய்வகத்திலிருந்து வந்தது. மூன்றாமவர் இலினாயின் பில் ஃபாஸ்டர். ஃபெர்மி ஆய்வகத்தில் டாப் குவார்க் என்ற அடிப்படைத் துகளைக் கண்டுபிடித்த குழுவில் இருந்தவர். 2008-ல் வென்றார், 2010-ல் ராண்டி ஹல்ட்கிரனிடம் தோற்றார், 2012-ல் வேறு தொகுதியில் திரும்ப வந்தார். ஹல்ட்கிரனை 2018-ல் அதே பழைய தொகுதியில் தோற்கடித்தவர்தான் செவிலியர் அண்டர்வுட்.

இதில் மறைக்கக் கூடாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஹோல்டின் அப்பா அமெரிக்க செனட்டராக இருந்தவர். ஃபாஸ்டர் இளம் வயதிலேயே தம்பியோடு சேர்ந்து நாடக மேடை விளக்குகளுக்கான நிறுவனம் தொடங்கி நன்றாகச் சம்பாதித்தவர். அதாவது அங்கேயும் வெறும் இயற்பியல் ஜெயிக்கவில்லை. இன்னொன்று, அமெரிக்காவிலும் மத்திய அரசு ஊழியர் கட்சி வேட்பாளராக நிற்க முடியாது. 1939-ன் ஹேட்ச் சட்டம் தடுக்கிறது. நாசா விஞ்ஞானி வேலையை விட்டால்தான் நிற்க முடியும். ஆனால் பிரின்ஸ்டன் ஆய்வகமும் ஃபெர்மி ஆய்வகமும் அரசுப் பணத்தில், பல்கலைக்கழக நிர்வாகத்தில் நடந்தவை. அங்கே வேலை பார்த்தவர் அரசு ஊழியர் அல்ல. ஆய்வகத்தை யார் நடத்துகிறார் என்ற நிர்வாக விவரம், யார் தேர்தலில் நிற்கலாம் என்பதை முடிவு செய்கிறது.

314 ஆக்‌ஷன் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களை மட்டுமே ஆதரிக்கிறது. இதில் எனக்குச் சங்கடம் உண்டு. அறிவியல் ஒரு கட்சியின் சொத்து என்று ஆகிவிட்டால், மறுகட்சிக்காரர் தடுப்பூசியையும் கட்சிக் கொடியாகப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஏலர்ஸ் மாதிரி ஒருவர் இன்று குடியரசுக் கட்சியில் எழுவது கடினமாகிவிட்டது.

விஞ்ஞானி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. சாகா பாடம் நடத்திய அதே அலகாபாத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே பேராசிரியராக இருந்தவர் முரளி மனோகர் ஜோஷி. ஓட்டு வாங்கி வந்தவர்தான். அவர் அமைச்சராக இருந்த 2001-ல்தான் பல்கலைக்கழகங்களில் ஜோதிடப் படிப்பு தொடங்கும் திட்டம் வந்தது. எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போன விஞ்ஞானிகளின் மனு 2004-ல் தள்ளுபடியானது. மார்கரெட் தாட்சர் ஆக்ஸ்ஃபோர்டில் டோரதி ஹாட்ஜ்கினிடம் வேதியியல் படித்தவர். 1988-லேயே ராயல் சொசைட்டியில் புவி வெப்பமடைவதைப் பற்றிப் பேசிய பிரதமர். அதே தாட்சர் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் நிதியை வெட்டினார் என்று, 1985-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர்கள் 738-க்கு 319 என்று ஓட்டுப் போட்டு அவருக்குக் கௌரவப் பட்டம் தர மறுத்தார்கள். ஹாரிசன் ஷ்மிட் நிலவில் நடந்த புவியமைப்பியலாளர், 1976-ல் நியூமெக்சிகோவின் செனட்டராக வென்றார். அடுத்த தேர்தலில் எதிரணி கேட்ட கேள்வி, பூமியில் உங்களுக்காக அண்மையில் என்ன செய்தார் என்பது. தோற்றுப்போனார். கேள்வி நியாயமானது. நிலவுக்குப் போனவரையும் அதைக் கேட்கும் உரிமை நியூமெக்சிகோ விவசாயிக்கு இருந்தது. அந்த உரிமைக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

ஜெர்மனியின் பிரதமராக இருந்த ஆங்கெலா மெர்க்கல் குவாண்டம் வேதியியலில் முனைவர். 2020 ஏப்ரலில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றைத் தருகிறார் என்ற எண்ணை நாட்டுக்கு விளக்கினார். அது 1.1 ஆனால் அக்டோபரில் மருத்துவமனைகள் நிரம்பும், 1.2 ஆனால் ஜூலையில், 1.3 ஆனால் ஜூனிலேயே என்றார். அலட்டல் இல்லாமல், மாணவருக்குச் சொல்வது போல. அதுதான் நான் எதிர்பார்க்கும் அரசியல் மொழி. அவர் 1989 வரை கிழக்கு பெர்லினில் ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர், 1990 டிசம்பரில் தேர்தலில் வென்றார். அந்த நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் 48-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நாடாளுமன்றத்துக்கு நிற்கும் எவருக்கும் பிரசாரத்துக்கான விடுப்பு உரிமை, உறுப்பினராவதை எந்த முதலாளியும் தடுக்கக் கூடாது, அதற்காக வேலையை விட்டு நீக்கவும் கூடாது என்கிறது.

இந்தியாவுக்குத் தேவையானது இதைவிடச் சிறியது. ஆட்சி அதிகாரமோ ரகசியப் பொறுப்போ இல்லாத ஆய்வுப் பணியாளர்களை 5-வது விதியிலிருந்து பிரிக்க வேண்டும். தேர்தலுக்குச் சம்பளமில்லா விடுப்பு, வென்றால் பதவிக்காலம் முழுவதும் விடுப்பு, தோற்றால் அதே மேசைக்குத் திரும்பும் உரிமை. நிதி தரும் அமைப்புகள் அந்த ஆண்டுகளை இடைவெளியாகக் கணக்கிடக் கூடாது. மகப்பேறு விடுப்புக்குச் செய்வதைப் போலத்தான்.

அந்த விதி மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவர்களும் இருக்கிறார்கள். 60 வயதில் ஓய்வு பெற்று உடல் திடமாக இருக்கும் விஞ்ஞானிகளும், தனியார் கல்லூரிகளில் இருப்பவர்களும் உண்டு. அவர்கள் மக்களவையில் தொடங்க வேண்டியதில்லை. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தை அடைப்பதும், குப்பையை எரிப்பதா உரமாக்குவதா என்பதும், ஏரியில் எந்த நீர் கலக்கிறது என்பதும் முதலில் மாநகராட்சி மன்றத்திலும் பேரூராட்சிக் கூட்டத்திலும்தான் வருகின்றன. நீர் மாதிரியை எங்கே எடுத்தீர்கள், எந்த மாதத்தில் எடுத்தீர்கள் என்று கேட்க ஒருவர் அந்த அறையில் இருந்தால் கோப்பு வேறு மாதிரி நகரும். 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகளில் சேர்த்து 12,838 வார்டுகளுக்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. அப்போது வென்றவர்களின் 5 ஆண்டுப் பதவிக்காலம் 2027-ல் முடிகிறது.